சுடுதண்ணி அண்ணையும் நான்கு கோழிகளும்

ரூஜ் வட்டாரத்தில் கனடாக் குளிரோடு நேரடிப் பகை பூண்ட மனிதர் ஒருவரே. அவர் என் பக்கத்து வீட்டுச் சுடுதண்ணி அண்ணை. நாங்கள் குளிருக்கு அஞ்சிக் கதவடைத்துக்கொண்டவர்கள். அவரோ நாள்தோறும் காலையில் சுடுதண்ணிப் பிளாஸ்க் ஒன்றை ஏந்திப் போருக்குப் புறப்படுவார்.

போர், அவருடைய நான்கு கோழிகளின் பொருட்டு மூண்டது. ஒரு தை மாதக் காலையில் கூட்டில் வைத்த நீர் கல்லாகிக் கிடந்தது. கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. மகள் வதனி கண்டுவிட்டாள்.

"வாயில்லாச் சீவனுகளை வதைக்கேலாது அப்பா. இன்னொருக்கா தண்ணி உறைஞ்சால் நாலையும் பிக்கரிங்கில ஒரு பண்ணைக்குக் குடுத்திடுவன்."

"இனி உறையாது, பிள்ளை."

மனைவி மறைந்தபின் அவர் மனம்விட்டுப் பேசியது அக்கோழிகளோடுதான். வதனி வேலைக்குச் சென்றபின் வேலிக்கு அப்பாலிருந்து அவ்வுரையாடல் என் செவிக்கு எட்டும். பெரும்பாலும் அரசியல்.

அண்ணையின் முதற்படைக்கலம் ரைஸ் குக்கர். நெடிய மின்கம்பி ஒன்றை இழுத்து அதைக் கூட்டில் நிறுவினார். எழுந்த ஆவியைக் கண்ட கோழிகள் மூலையில் ஒடுங்கின. வீட்டினுள் வேறொரு நெருக்கடி.

"சோறு காய்ச்சிற சட்டி கோழிக்கூட்டில. மனுசர் மூண்டு நேரமும் பாண் தின்னுறம்!" என்று வதனி என்னிடம் முறையிட்டாள்.

அடுத்து, உப்புநீர் நிரப்பி இறுக மூடிய போத்தலொன்றை நீர்ச்சட்டியில் மிதக்கவிட்டார். உப்புநீர் எளிதில் உறையாது. காற்றில் அது அசைய, சுற்றியுள்ள நீரும் அசைந்துகொண்டிருக்கும். இளங்குளிரில் அவ்வுத்தி பலித்தது. கடுங்குளிர் வரப்போகும் நாளில் அவரே அதை நம்பாது சுடுதண்ணிப் பிளாஸ்க்கைக் கையிலெடுத்தார்.

மனைவியின் ஆண்டுத் திவசத்தன்று பெருங்குழப்பம். வீட்டில் ஒரே வடிவில் இரு பிளாஸ்க்குகள். வந்தவர்கள் வெறும் வெந்நீரைப் பருகிவிட்டு, நாகரிகம் கருதி வாய்திறவாதிருந்தனர்.

"அப்பா! கோழிக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊத்திப்போட்டியள்!"

"அதுகள் ஒரு குறையும் சொல்லேல்லையே."

மறுநாளே வதனி மின்சூட்டுச் சட்டி ஒன்றை வாங்கிவந்தாள். அண்ணை வேலையிழந்தவர்போல் முற்றத்தில் உலவினார்.

"கரண்ட் நிண்டால் உது வெறும் சட்டிதானே, மாஸ்டர்?" என்று என்னிடம் ஏக்கத்தோடு வினவினார்.

மாசியில் உறைமழை பெய்து மின்சாரம் நின்றது. கொல்லைப்புறம் முழுவதும் கண்ணாடியாகிவிட்டது. நான் சாளரத்தைத் திறந்து கூவினேன்:

"அண்ணை, வெளிய வராதேங்கோ! விழுந்தால் இடுப்பு முறியும்!"

"நிண்டால்தானே விழுறது, மாஸ்டர்!"

அவர் ஓர் அரிசிச் சாக்கின்மேல் அமர்ந்திருந்தார். கழுத்தில் பிளாஸ்க் தொங்கியது. எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் மூட்டிக் காய்ச்சிய நீர். இரு கைகளாலும் பனிக்கட்டியைத் துழாவித் துழாவிக் கூட்டை அடைந்தார். சட்டியின் நீர் விளிம்பில் வெண்மை பூணத் தொடங்கியிருந்தது. வெந்நீரை அளவாகக் கலந்தார். கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கிவந்து பருகின.

திரும்பும் வழி மேடு. சாக்கு ஏற மறுத்தது. ஏறிய தூரமெல்லாம் வழுக்கிக் கூட்டிற்கே மீண்டார். அதற்குள் வதனி பின்கதவில் தோன்றி, கைக்கு அகப்பட்ட காஞ்சிபுரம் சேலையை வீசினாள். அண்ணை அதன் நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே இழுத்தாள்.

வாசற்படியை அடைந்ததும் மூச்சுவாங்க அவர் கேட்டது ஒன்றே.

"பிள்ளை, தண்ணி உறையேல்லை. கோழி இஞ்சயே நிக்கும்தானே?"

வதனி அவர் விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"கோழி நிக்கட்டும். நீங்கள் இனி வெளிய போகப்படாது. நான் கொண்டுபோறன்."

மின்சூட்டுச் சட்டியை அண்ணை இன்னும் நம்பாததால், இந்த மாரிக்குளிரில் வேலைக்குப் புறப்படுமுன் முள் பதித்த சப்பாத்தணிந்து வதனி பிளாஸ்க்கோடு நடக்கிறாள். அண்ணை சாளரத்தில் நின்று, "மெல்ல, மெல்ல, உதில வழுக்கும்!" என்று கண்ணாடியைத் தட்டுகிறார். கோழிகள் பருகி முடிக்கும்வரை தம் தேநீரை அவர் தொடுவதில்லை.

வேலிக்கு இப்பால், சில காலமாக, அதுவரை நானும் என் தேநீரைத் தொடுவதில்லை.