விக் இல்லாத நீதிமன்றம்

பிரித்தானிய வழக்கு நாடகங்களை அதிகம் பார்க்கிறவர்களை நிஜ நீதிமன்றத்துக்குள் விடக்கூடாது. விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. (சாட்சி என்ற சொல்லை எங்கள் வீட்டில் சிரிக்காமல் ஒருத்தரும் சொல்வதில்லை. ஏன் என்று பேந்து விளங்கும்.)

நாங்கள் குடியேறிய பனி நகரத்தின் புவாண்ட்-கிளேர்ப் பகுதியில் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. நாள் முழுக்கப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ரொக்ஸ்பரோவில் இருக்கும் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியோடு சோபாவில் விழுந்தால், திரையில் லண்டன் மழை பெய்துகொண்டிருக்கும். பழைய மரத்தின் வாசம் எங்கள் வரவேற்பறைவரை வருகிற மாதிரி ஒரு மண்டபம். வெள்ளை விக் வைத்த சட்டத்தரணி கறுப்பு அங்கியை இழுத்துவிட்டபடி எழும்புவார். தனக்கு ஆகவே ஆகாத எதிர்த்தரப்பு ஆளையும் 'என் கற்றறிந்த நண்பர்' என்பார். (எங்கள் கிடங்கில் ஒருத்தரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.) சாட்சிகள் மெதுவாகக் கதைப்பார்கள், மண்டபமே மூச்சை அடக்கிக் கேட்கும். நான் கதைக்கத் தொடங்கினால் ஆட்கள் எழும்பிப்போகச் சப்பாத்தைத் தேடுவார்கள். என்னையும் ஒருநாள் ஒரு மண்டபம் அப்படிக் கேட்காதா என்று கனவு காண்பேன். கடைசியில் சட்டத்தரணி, "மேலதிகக் கேள்விகள் இல்லை" என்று அமருவார். அந்த வசனத்துக்கு எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும்.

அப்படியிருக்க, ஒரு பனிக்கால மாலை என் மனைவி ஜெசிந்தா ஒரு சந்தியில் 'நில்' என்று எழுதிய நிறுத்தப் பலகையில் காரை நிறுத்தாமல் போய்ப் பொலிசிடம் மாட்டினா. (பக்கத்து இருக்கையில் நான்.) அப்போது அவ முதியோர் இல்லமொன்றில் வான் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தா. ஓட்டுநர் பதிவில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் காப்பகச் சமையலறையில் சட்டி கழுவிக் களைத்த மனுசிக்கு அந்த வான்தான் கனவு.

வழக்கு எங்கள் பக்கம் வலுவானது. பனி அப்பிப் பலகையின் முகமே தெரியவில்லை. ஜெசிந்தா படமும் எடுத்து வைத்திருந்தா. நான் சாட்சிக் கூட்டில் ஏறி ஒரு வரி சொன்னால் போதும்.

"இஞ்சேருங்கோ, பலகை பனியாலை மூடியிருந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு இறங்குங்கோ."

ஓம் என்றேன்.

நிஜ நீதிமன்றத்தில் விக் இல்லை. மர வாசமும் இல்லை. பல் வைத்தியரிடம் காத்திருக்கும் அறை மாதிரி இருந்தது. நீதிபதி அம்மா இருமல் மிட்டாய் சூப்பிக்கொண்டிருந்தா. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பனி மெல்ல மெல்ல விழுந்துகொண்டிருந்தது. நான் கூட்டில் ஏறினேன், சனம் அமைதியானது. (பாதிச் சனம் நித்திரை என்கிறா ஜெசிந்தா.) பலகை மூடியிருந்ததைச் சொன்னேன். நீதிபதி தலையை ஆட்டினா. அதோடு இறங்கியிருக்கலாம்.

நகரசபைச் சட்டத்தரணி எழும்பி, உங்கள் மனைவி வீதியைக் கவனித்துத்தான் ஓட்டினாவா என்று கேட்டார். ஓம் என்றால் முடிந்தது. நான் ஜன்னலைப் பார்த்து, லண்டன் சாட்சி மாதிரி ஓர் இடைவெளி விட்டேன். பிறகு என் இங்கிலீஷை ஆறுதலாக அவிழ்த்தேன். முதல்நாள் பார்த்த நாடகத்தை அவவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது, கொலைகாரன் ஆர் என்று தெரியப்போகும் கட்டம், வெளியே பனி விழுந்த அழகு... நீதிபதி மிட்டாய் சூப்புவதை நிறுத்தினா. மண்டபம் மூச்சை அடக்கி நான் சொல்வதைக் கேட்டது. அந்த மிதப்பில் சொன்னேன்:

"என் மனைவி மாதிரிக் கதை கேட்க ஒருத்தராலும் முடியாது, கனம் நீதிபதி அவர்களே. அந்தச் சந்தி கடக்கும்வரை கண் வெட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா."

சட்டத்தரணி பேனாவை மூடினார். "மேலதிகக் கேள்விகள் இல்லை."

வாழ்நாளெல்லாம் காத்திருந்த வசனம். புல்லரித்தது. பிறகுதான் ஜெசிந்தாவின் முகம் கண்ணில் பட்டது.

குற்றவாளி என்று தீர்ப்பு. வான் வேலை வேறொருத்திக்குப் போனது. (சில வருசம் கழித்து இன்னோர் இல்லத்தில் கிடைத்தது. இடையில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுதமாட்டேன்.)

திரும்பி வரும்போதும் ஜெசிந்தாதான் ஓட்டினா. ரொக்ஸ்பரோவின் முதல் நிறுத்தப் பலகையில் ஜெசிந்தா காரை நிறுத்தினா. முழுசாக. பின்னால் ஹோர்ண் அடித்தார்கள், அவ அசையவில்லை. வீதியைப் பார்த்தபடியே கேட்டா:

"ஆர் கொலைகாரன்?"

(பொலிசிடம் மாட்டின அன்றைக்குக் கதை முடியமுதல் பொலிஸ் விளக்கு வந்துவிட்டது.) நான் சொல்லத் தொடங்கினேன். கார் உருண்டது.

"கதைக்காதேங்கோ. கார் ஓடுது."

அதுதான் இன்றுவரை எங்கள் வீட்டுச் சட்டம். கார் நின்றால் மட்டும் நான் வாய் திறக்கலாம். பலகை கண்ணில் பட்டதும் பின் இருக்கையிலிருந்து மகள், "பப்பா, சாட்சி கதைக்கலாம்" என்பாள். சந்திக்குச் சந்தி பலகை நடுகிற நகரம் என்பதால் பிழைத்தேன். அஹுன்ட்சிக்கில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் சொல்லும் ஒரு நாடக வழக்கு தீர்ந்துவிடும்.

நெடுஞ்சாலையால் போனால் கெதியாய்ப் போகலாம். அதில் ஒரு பலகையும் இல்லை. ஜெசிந்தா இன்றைக்கும் சின்ன வீதிகளால்தான் ஓட்டுறா.