நான் கனடாவுக்குக் கை தூக்கிய கதை

இலங்கைத் தமிழனுக்கு அவன் இருக்கிற நாட்டு அரசியலில் அக்கறை வருவது குறைவு. அடுத்ததாகப் போக நினைக்கிற நாட்டின் அரசியல்தான் தலைகீழ்ப் பாடம். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் இருந்த எங்களுக்குப் பிரதமரின் பெயரைத் தவிர இங்கிலாந்தைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆனால் கனடாவின் குடிவரவு மந்திரி தும்மினால் எட்மண்டனிலும் ஸ்ட்ரெதத்திலும் ஒருவரும் நித்திரை கொள்ளமாட்டோம். (எட்மண்டன் என்று கனடாவிலும் ஒரு நகரம் இருக்கிறது. வட லண்டன் எட்மண்டனில் இருந்துகொண்டு, ஊருக்குக் கடிதம் போடும்போது நாட்டின் பெயரை மட்டும் எழுத மறந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.)

எனக்கு அந்தக் கனடா வருத்தம் முற்றிப்போயிருந்தது. தென் லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை, பின்னேரங்களில் கல்லூரியில் வகுப்பு, வருடா வருடம் நீட்டித் தருகிற தற்காலிக விசா. அடுத்த வருடம் நீட்டுவார்களா என்று யாருக்கும் தெரியாது. கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் எப்போதும் ஆயத்தமாகக் கிடந்தது. உடுப்பைத் தோய்த்துக் காயவைத்து மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைப்பேன். அறையில் நல்ல அலுமாரி ஒன்று இருந்தது. அதில் ஒரு சேட்டைக் கொழுவித் தொங்கவிட்டாலும் லண்டனில் தங்கிவிட்டேன் என்று ஆகிவிடுமோ என்று பயம். மலிவு விற்பனையில் பனிச் சப்பாத்து ஒன்று வாங்கி, வெயில் காலத்தில் அறைக்குள் போட்டு நடந்து பழகினேன். கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து மேலே குதிரை வளர்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் மூத்தவர் பத்மநாதன் அண்ணை. மாணவராக வந்து, பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்து, கணக்காளராக நல்ல வேலையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அவருக்கும் கனடாவுக்குத்தான் போகவேண்டும். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் போயினம் தம்பி, நான் மட்டும் இஞ்ச இருந்து என்ன செய்யிறது?" என்பார்.

இப்படியிருக்க, எங்கள் கல்லூரிக்கு டொரொன்டோவிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். பெயர் ஹெலன். நரைத்த தலைமுடி, ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு, தோளில் துணிப்பை. அங்கே எப்போதும் தோற்கிற ஏதோ ஒரு இடதுசாரிக் கட்சியில் இருந்தாராம். வட அமெரிக்க அரசியலும் பொதுக் கொள்கையும் பற்றி ஒரு முற்போக்குக் கனேடியரின் பார்வை என்று பேசினார். கேட்க வந்தவர்களைவிட ஆள் இல்லாத கதிரைகள்தான் கூட. நான் முன் வரிசையில் இருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் தலைக்குள் ஓடினது வேறு கதை. ஒரு கனேடியப் பேராசிரியை எனக்காக அங்கே ஒரு வார்த்தை சொன்னால், நான் ஒரு மாதத்தில் டொரொன்டோவில் நிற்பேன்.

தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மெல்லக் கிட்டப் போனேன்.

"எங்கள் மக்கள் கனடா என்றால் உயிரை விடுவார்கள்" என்றேன்.

அவர் கண் விரிந்தது. "அப்படியா? ஏன்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொன்னது, "உங்களுடைய முற்போக்கான பொதுக் கொள்கைதான் காரணம்."

அவர் நெகிழ்ந்துபோனார். நான் அதோடு நிறுத்தினேனா? இல்லை. ஸ்ட்ரெதத்தில் தமிழருக்கு ஒரு கூட்டம் வைக்கலாம், மண்டபம் நிரம்பும், நானே தமிழில் மொழிபெயர்ப்பேன் என்று அள்ளி விட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீ டொரொன்டோவுக்கு வந்தால் கட்டாயம் என்னைப் பார்க்க வேண்டும்" என்றார். வெள்ளைக்காரர் விடைபெறும்போது சொல்கிற சாதாரண வார்த்தை. எனக்கு அது விசா குத்தின சத்தம் மாதிரிக் கேட்டது.

வீட்டுக்கு வந்து பத்மநாதன் அண்ணைக்கு மட்டும் சொன்னேன். "கனடாவிலயிருந்து ஒரு அம்மா வாறா அண்ணை. சனிக்கிழமை கொள்கையைப் பற்றிக் கதைக்கப் போறா. நாலு பேரைக் கூப்பிடுங்கோ." அண்ணை அன்றைக்கே தொலைபேசியைத் தூக்கினார். வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் பின்னால் திரும்பி, "தம்பி, விசயம் தெரியுமே? கனடா அரசாங்கத்து அம்மா ஒராள் வாறாவாம். ஸ்ட்ரெதத்தில வைச்சு ஆள் எடுக்கிறாவாம்" என்று எனக்கே சொன்னார்.

"அப்பிடி இருக்காது எண்டு நினைக்கிறன்" என்றேன். (இவ்வளவு மெதுவாக நான் வாழ்க்கையில் வேறெதையும் மறுத்ததில்லை.) மறுத்தால் மண்டபம் நிரம்பாது. நிரம்பாவிட்டால் ஹெலனுக்கு என்னில் மதிப்பு வராது. அது வராவிட்டால் டொரொன்டோ இல்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

சனிக்கிழமை மண்டப வாசலில் சனம் நிரம்பி நின்றது. ஆண்களெல்லாம் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. பெண்கள் பட்டுச் சேலை. குழந்தைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தார்கள். பத்மநாதன் அண்ணை ஜூன் மாத வெயிலில் முழங்கால் வரைக்கும் நீண்ட குளிர் கோட்டுப் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டி, வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை இது?"

"நான் குளிர் தாங்குவன் எண்டு அவவுக்குத் தெரியவேணும் தம்பி."

ஹெலன் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "இத்தனை பேரா? பொதுக் கொள்கைக்கா?" அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. காரணம் மட்டும் வேறு.

பேச்சுத் தொடங்கியது. கனடா சொர்க்கம் அல்ல, அங்கேயும் வேலையில்லாதவர்கள் இருக்கிறார்கள், தெருவில் படுப்பவர்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். நான் சபையைப் பார்த்தேன். அத்தனை கண்ணும் என் வாயிலேயே நின்றது. வாய் தானாகத் திரும்பியது.

"கனடா சொர்க்கம் எண்டு சிலபேர் சொல்லுகினமாம். அங்க வேலையைப் பற்றி அம்மா நிறைய யோசிக்கிறாவாம்."

கைதட்டல்.

அமெரிக்காவோடு செய்கிற கட்டற்ற வர்த்தக ஒப்பந்தம் கனேடியத் தொழிலாளியின் கழுத்தை அறுக்கும், கடைசியில் தெற்கே இருக்கிறவர்கள் சொல்கிறபடிதான் நாங்கள் ஆட வேண்டிவரும் என்றார். நான், "அமெரிக்காவும் கனடாவும் இனி நெருங்கி வருகுதாம். ஒண்டுக்குள்ள போனால் மற்றதும் பக்கத்திலதான்" என்றேன். அதற்குப் பின் வரிசையில் விசில் அடித்தார்கள்.

எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்பதை அமெரிக்கப் பாணி வியாபாரத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்றார். "ஆசுபத்திரி இலவசம்" என்றேன். (அன்றைக்கு நான் ஓரளவு உண்மையாகச் சொன்ன ஒரே வசனம்.) சபை எழுந்து நின்று தட்டியது. ஹெலன் என் பக்கம் சாய்ந்து, "தொழிற்சங்கக் கூட்டங்களில்கூட மருத்துவக் காப்புறுதிக்கு இப்படிக் கைதட்டல் வாங்கியதில்லை" என்று முணுமுணுத்தார். நான் பணிவாகச் சிரித்தேன். மனதுக்குள் டொரொன்டோவில் வீடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்ததாகத்தான் அகதிகளுக்கு வந்தார். குரல் மாறிவிட்டது. எங்கள் அரசாங்கம் கதவைச் சாத்தப் பார்க்கிறது, புதுச் சட்டங்கள் கொடுமையானவை, ஒரு கனேடியராக வெட்கப்படுகிறேன் என்றார்.

இதை எப்படிச் சொல்வது? முன் வரிசையில் ஒரு அம்மா தன் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மகன் ஜெர்மனியில் எங்கேயோ நிற்கிறானாம்.

"அகதிகளைப் பற்றி அரசாங்கம் மிகவும் தீவிரமாக யோசிக்குதாம்" என்றேன்.

இடி மாதிரிக் கைதட்டல். ஹெலன் திகைத்து நின்றார். "இல்லை, இல்லை, இது கெட்ட செய்தி" என்றார். "இது நல்ல செய்தி எண்டு அம்மா சொல்லு..." என்று நான் வாய் திறக்க, நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

தாதிப் பயிற்சி உடுப்போடு, ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். தாயைக் கூட்டிக்கொண்டு வந்தவள். பெயர் வதனி என்று பிறகுதான் தெரியும்.

"அவ சொல்லுறது உதில்லை" என்றாள், சபையைப் பார்த்து. "கதவைப் பூட்டப் போறாங்கள் எண்டு சொல்லுறா. நாங்கள் கை தட்டிக்கொண்டு இருக்கிறம்."

வதனி அதோடு விடவில்லை. ஹெலனிடம் நல்ல ஆங்கிலத்தில், நான் சொன்னது என்ன, சனம் எதற்கு வந்தது, அண்ணை ஏன் குளிர் கோட்டோடு நிற்கிறார் என்பது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நிலம் பிளந்து என்னை விழுங்கலாம் என்று நின்றேன். அது ஸ்ட்ரெதம் நிலம், ஒன்றும் செய்யவில்லை.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இதை மட்டும் சரியாக மொழிபெயர்" என்றார். அவர் சபையிடம் கேட்ட கேள்வியை நான் அப்படியே தமிழில் சொன்னேன்:

"இந்த அம்மா உங்களைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போவா எண்டு நினைச்சு வந்தவை, கையைத் தூக்குங்கோ."

ஒவ்வொன்றாகக் கைகள் எழும்பின. மகனின் படத்தை வைத்திருந்த அம்மா. வதனியின் தாய். பத்மநாதன் அண்ணையின் குளிர் கோட்டுக் கை. மண்டபம் முழுக்கக் கை. ஹெலன் அதையெல்லாம் பார்த்து முடித்துக் கடைசியாக என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். என் வலது கை, பள்ளிக்கூடத்தில் வரவு சொல்கிற மாதிரி, நேராக மேலே நின்றது. அது எப்போது போனதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதலில் சிரித்தது வதனி. பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தப் படம் வைத்திருந்த அம்மாவும் சிரித்து, சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

ஹெலன் பேச்சுத் தாளைப் பைக்குள் வைத்தார். "நான் ஒரு ஆசிரியை. யாரையும் கூட்டிக்கொண்டு போக எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று உண்மையைச் சொல்வேன்" என்றார். வதனி மொழிபெயர்த்தாள். நான் பின்னால் சனத்துக்கு வைத்திருந்த வடைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. கேள்விமேல் கேள்வி. கடைசியாகப் பத்மநாதன் அண்ணை கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, உந்தச் சட்டங்களுக்கு எதிராத்தானே நீங்கள் வோட்டுப் போடுறனியள்?"

"ஆம்."

"வெல்லுறனியளோ?"

"பெரும்பாலும் தோற்கிறோம்."

"அப்ப நீங்கள் எங்கட ஆள்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணை உட்கார்ந்தார். அன்றைக்குக் கிடைத்த உண்மையான கைதட்டல் அதற்குத்தான்.

வாசலில் ஹெலனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் தோளில் தட்டி, "நீ என்றைக்காவது கனடாவுக்கு வந்தால் அரசியலில் சேர். ஆனால் எதிர்க்கட்சியில் சேர், அவர்கள் நாசமாகப் போகட்டும்" என்றார். அதோடு என் சிபாரிசு முடிந்தது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் கட்டிலில் இருந்தேன். பிறகு சூட்கேசைத் திறந்து, ஒரு சேட்டை எடுத்து அலுமாரியில் கொழுவினேன். அழுகை வந்தது, அழுதேன்.

பகிடி என்னவென்றால், அன்று கை தூக்கினவர்களில் பாதிப்பேர் எப்படியோ ஒரு வழியால் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பத்மநாதன் அண்ணையும் போனார், அதே கோட்டோடு. நான் மட்டும் ஸ்ட்ரெதத்திலேயே நின்று, கடைசியில் நிரந்தர விசாவும் எடுத்தேன். அதனால் எனக்குப் பெயர் "கனடா". கடையில், கோயிலில், கல்யாண வீட்டில், "கனடா வாறார், கதிரை போடுங்கோ" என்பார்கள்.

சில வருடம் கழித்து எங்களுக்குச் சம்பந்தம் பேசியபோது, மாப்பிள்ளையின் பெயரைக் கேட்ட வதனி, "ஆர், கை தூக்கினவரோ?" என்றாளாம். பிறகேன் ஓம் சொன்னாய் என்று கேட்டிருக்கிறேன். "தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி நிண்ட மனுசன் பாவமெல்லோ" என்றாள். இப்போது வீட்டில் நான் செய்திக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் இரண்டும் பேசாமல் வலது கையைத் தூக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பத்மநாதன் அண்ணையின் தமக்கை மகளின் கல்யாணத்துக்கு முதன்முதலாக டொரொன்டோ போனோம். விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பாஸ்போட்டைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கனடாவில் தங்கிவிடுகிற எண்ணம் ஏதும் இருக்கிறதா?"

நான் பதில் சொல்ல வாய் திறக்குமுன், வதனி பைகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.