மொட்டை டயரின் அருமை

இந்தக் குளிர்காலத்தில் என் வண்டியை எவனும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. ஆகஸ்ட் மாதத்து நல்ல வெயிலில், முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது இந்த முடிவை எடுத்தேன். பாதி கன்னத்தில் நுரை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

காரணம் ஒரு மஞ்சள் கயிறு. எங்கள் ஊரான டோலன் துறையில், ஹில்டாவின் காபிக் கடைச் சுவரில் ஓர் ஆணியில் அது தொங்கும். பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியவனைக் கடைசியாக இழுத்த கயிறு. கீழே அவன் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். அடுத்தவன் விழும்வரை பெயர் அங்கேயே இருக்கும். போன மார்ச்சில், அந்தப் பருவத்தின் கடைசிப் பனியில், கடைசி ஆளாக விழுந்தவன் நான். மறுநாளே வெயில் அடித்துவிட்டது. 'லியாண்டர் சால்மி' என்ற என் பெயர் கோடை முழுக்கச் சுவரில் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் யாரோ இறந்துபோன ஊர்ப் பெரியவர் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். நான் பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் கொடுமை, எனக்கு வேலை வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில். யார் ஏன் சறுக்கினார்கள் என்று அறிக்கை எழுதுவதுதான் பிழைப்பு. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று ஆயிரம் பேரைப் பற்றி எழுதிய கை இது. தினமும் ஹோட்டன் நகரத்து அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். மூன்று பக்கமும் சுப்பீரியர் ஏரி. ஏரி பெருமூச்சு விட்டால் எங்களுக்குப் பனி. ஏரிக்கு அப்படி என்ன துக்கமோ, ஐந்து மாதம் ஓயாமல் பெருமூச்சு விடும். என் பிக்கப் வண்டியிலோ நாலும் மொட்டை டயர்.

சமையலறைக்குப் போய் அறிவித்தேன்.

"ஐலா, டயர் மாத்தப் போறேன்."

"மாத்து. அதுக்கு ஏன் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வந்து நிக்கிற?"

"சாதா டயர் இல்ல. எல்லா நிலத்துலயும் ஓடுறது. ஆல்-டெரெய்ன்."

"எல்லா நிலமும்னா? வாசல், ரோடு, ஆபீஸ். உனக்கு இருக்கிறதே மூணு நிலம்."

"பனி?"

"ரோட்டுல விழற பனியைத்தான் லாரி வந்து தள்ளிடுதே."

"தள்ளாத ரோடு?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. "தள்ளாத ரோட்டுல உனக்கு என்ன வேலை?" என்றாள். மறுபடி நறுக்கினாள். அந்த ஒரு கணத்தை நான் கவனித்திருக்க வேண்டும். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்குக் கத்தியின் மௌனம் புரிய வேண்டாமா? எனக்குக் கயிறு மட்டும்தான் கண்ணில் நின்றது.

டயர் தேர்ந்தெடுப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஐலாவை ஒரு நடன விருந்தில் பார்த்து அன்றே முடிவு செய்தேன். டயருக்கு மூன்று மாதம் ஆனது. நெடுஞ்சாலை டயர் பரம சாது, சத்தம் போடாது, பெட்ரோல் அதிகம் கேட்காது, பனியைக் கண்டால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும். சேற்று டயருக்குக் கைப்பிடி அளவு ரப்பர்ப் பட்டன், பார்க்க ராட்சசன், ஆனால் கண்ணாடி போல உறைந்த சாலையில் நாட்டியம் ஆடும். அசல் பனி டயர் கிட்டத்தட்ட மகான். ஆனால் மிருதுவான ரப்பர், கோடையில் தேய்ந்தே போகும். வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டும். எஞ்சியது ஆல்-டெரெய்ன். அதிலும் பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் நடுவே ஒரு பனிப்பூவும் பொறித்த வகை. அந்த முத்திரை இருந்தால் பனியில் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். அலுவலகத்துக்கும் போகும், ஆபத்துக்கும் போகும்.

இரவெல்லாம் யோசித்தேன். நான் யார்? நெடுஞ்சாலை டயரா? ஐம்பத்தாறு வருடமாகச் சத்தம் போடாமல் தேய்ந்துகொண்டிருக்கிறேனே? என் பக்கச் சுவரில் ஒரு மலையாவது உண்டா?

சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் டயர் விமரிசனங்களை ஐலாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மறுத்தாள்.

"விக்கிறதுக்கு எழுதுவானுங்க. முழங்கால் பனியில ஏறுமாக்கும்!"

"ஏறும்!"

"சமதரையில ஏறும். மேட்டுல?"

"மேட்டுலயும் ஏறும்!"

"நடுமேட்டுல நிறுத்திட்டு மறுபடி எடுத்தா?"

"அப்பவும் ஏறும்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

அவள் பெருமூச்சு விட்டு அடுத்த வரிசை பின்ன ஆரம்பித்தாள். மனைவியை வாதத்தில் வென்ற சுகத்தோடு தூங்கப் போனேன். அப்படித் தொடர்ந்து பல வாரம் வென்றேன். என் மணவாழ்வின் பொற்காலம் அது.

பக்கத்து வீட்டு ட்ரெவாரோவும் என் கட்சி. போன மார்ச்சில் என்னை இழுத்த புண்ணியவான் அவன்தான். சனிக்கிழமை இரவு எங்கள் சவுனா என்ற நீராவி அறைக்கு வருவான். சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் இரண்டு கொழுக்கட்டைகளாக உட்கார்ந்திருப்போம்.

"லியாண்டரு, மலை முத்திரை இல்லாத டயரை வாங்கினே, உன்னோட பேச மாட்டேன்."

"ஐலா வேண்டாங்கிறாப்பா."

"பொம்பளைங்க அப்படித்தான் சொல்வாங்க. நீ ஆம்பளையா, அட்டைப்பெட்டியா?"

ஆவியில் நனைந்த ஒரு மனிதன் இப்படிக் கேட்டால் ரத்தம் கொதிக்காதா? வெளியே வந்ததும் அவன் துண்டுக்குள்ளிருந்து ஒரு பேஸ்டியை எடுத்துக் கடித்தான். மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்டது. ஓரத்தில் இலை போல ஒரு மடிப்பு. ஐலாவும் அப்படித்தான் மடிப்பாள். உலகில் எத்தனை பேர் எப்படியெல்லாம் மடிக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் குளிர்காலத்தின் ஒரே ஆறுதலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐலாவின் அக்கா எல்மி காகக் குன்றின் உச்சியில் இருக்கிறாள். அவள் கணவர் ஆர்வோவும் அங்கேதான் இருக்கிறார். அதுதான் சிக்கல். ஆர்வோவிடம் ஓர் அக்கார்டியன் உண்டு. அதில் ஒரு கட்டை அழுந்தியே கிடக்கும். எந்தப் பாட்டு வாசித்தாலும் அடியில் அந்த ஒற்றை ஸ்வரம் 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய மாட்டார். தன் பாணி என்பார். வாசித்து முடியும்வரை யாருக்கும் காபி கிடையாது. வாசித்து முடிந்ததாகச் சரித்திரமும் கிடையாது. ஓர் அக்டோபரில், மூஸ்கள் இணை தேடும் பருவத்தில், ஓர் ஆண் மூஸ் மான், காட்டைக் கடந்து வந்து, ஜன்னலில் மூக்கை வைத்து, கண்கலங்கக் கேட்டது. ஆர்வோவை அது யாரென்று நினைத்ததோ! அன்றிலிருந்து அவர் தன்னைக் கலைஞர் என்றே சொல்லிக்கொள்கிறார்.

கோடையில் சனிதோறும் அங்கே போயாக வேண்டும். ஆனால் நவம்பரில் குன்றின் அடிவாரத்தில் ஒரு பலகை வைப்பார்கள்: 'ஏப்ரல் வரை இச்சாலையில் பனி அகற்றப்படாது.' நான் வருடந்தோறும் அதன் அடியில் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, "ஐயோ ஐலா, இந்த டயரை வெச்சுக்கிட்டு எப்படி ஏறுறது?" என்பேன். என் குரல் நிஜமாகவே தழுதழுக்கும். ஐலாவின் சின்னக் கார் அங்கே வயிறு தட்டி நின்றுவிடும். ஆர்வோவிடம் இருக்கும் ஒற்றை ஆள் பனி ஸ்கூட்டரில் ஏற எல்மியின் முதுகு சம்மதிக்காது. ஐலா குன்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து மாதம் அக்காவும் தங்கையும் போனில் மட்டும் சிரித்துக்கொள்வார்கள்.

நல்ல வாசகருக்கு இப்போது எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

டயர்க் கடைக்கு ஐலாவும் கூடவே வந்தாள். கடைசி மூச்சுவரை எதிர்த்தாள்.

"அமைதியான டயராப் போடுங்க. இவருக்குச் சத்தம் ஆகாது."

"மலை முத்திரைதான் வேணும்!" என்றேன்.

கடைக்காரர், "நாற்பதாயிரம் மைல் வாரன்டியில ஒண்ணு இருக்கு, அறுபதாயிரத்துல ஒண்ணு இருக்கு" என்றார்.

"நாற்பதே தாராளம்" என்றாள் ஐலா. "டயர் தேயறதுக்குள்ள இவரு தேஞ்சிடுவாரு."

நான் மேசையைத் தட்டினேன். "அறுபது! எழுத்துல வேணும்!"

ஐலா தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றவளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

முதல் பெரும்பனி விழுந்தது. நெடுஞ்சாலையில் டயர் தேன்கூடு போல ரீங்கரித்தது. எனக்கு அது சங்கீதம். அன்று மாலை வீடு திரும்பும்போது, தேவாலய வளைவில் ட்ரெவாரோவின் வண்டி பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. முப்பது வருடத்தில் அவன் விழுந்து யாரும் பார்த்ததில்லை.

"இழுத்து விடுப்பா லியாண்டரு" என்றான். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

கயிறு கட்டினேன். ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தேன். புது டயர் பனியைக் கடித்தது. விறகு ஏற்றியிருந்த அவன் வண்டி பொம்மை போல மேலே வந்தது. காபிக் கடையில் என் பெயரை அழித்து அவன் பெயரை எழுதினார்கள். ஹில்டா எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள். வாழ்க்கையில் முதல் முறையாக என் பக்கச் சுவரில் ஒரு மலை இருந்தது.

சனிக்கிழமை காலை வாசலுக்கு வந்தேன். ஐலா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏலக்காய் ரொட்டி, குளியல் துண்டுகள், கோடை முழுக்கப் பின்னிய கம்பளிச் சட்டை.

"எங்க?"

"எல்மி வீட்டுக்கு."

"ரோடு மூடியிருக்கே!"

"பனி தள்ள மாட்டோம்னுதான் போட்டிருக்கு. போகக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"வண்டி ஏறாது ஐலா."

"முழங்கால் பனியில?"

நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

"மேட்டுல? நடுவுல நிறுத்திட்டு எடுத்தா? சத்தியம் வேற பண்ணின. ட்ரெவாரோவை விறகோட இழுத்த வண்டி, என்னை ஏத்தாதா? நான் அவ்வளவு கனமா?"

இந்தக் கேள்வி வந்தால் எந்தக் கணவனும் சாவியைத்தான் தேடுவான். கிளப்பினேன்.

அடிவாரத்தில், அவள் பார்க்காதபோது நான்கு சக்கர ஓட்டத்தை இரண்டுக்கு மாற்றினேன். வண்டி ஏறியது. முதல் வளைவில் தற்செயலாகச் செய்வதுபோல ஓரப் பனிக்குவியலுக்குள் விட்டேன். டயர்ப் பட்டன்கள் சற்றே முனகின. பிறகு படியேறும் ஆடு போல வண்டியை வெளியே கொண்டுவந்தன. இரண்டாவது வளைவில் பள்ளத்திலேயே இறக்கினேன். முழுப் பள்ளம். நான் எழுதிய அறிக்கைகளில் எத்தனையோ பேர் வீடு திரும்பாத வகைப் பள்ளம். அதிலிருந்தும் ஏறிவிட்டது.

"லியாண்டர், ஒவ்வொரு பள்ளமா இறங்கிக் காட்ட வேண்டாம்" என்றாள் ஐலா. "டயரை நான் நம்பிட்டேன்."

செங்குத்தான மேட்டின் நடுவே ஒரு மூஸ் நின்றிருந்தது. அதே மூஸ். ஆவலோடு பிரேக்கை அழுத்தினேன். நடுமேட்டில் நிறுத்தினால் எப்பேர்ப்பட்ட வண்டியும் பின்னால் வழுக்கும். வழுக்கவில்லை. மூஸ் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, வழி தெரிந்த விருந்தாளி போல முன்னால் நடந்தது. நாங்கள் பின்னால் போனோம்.

"ட்ரெவாரோவும் உன் ஆளா?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பேஸ்டின்னா உயிரு."

"பள்ளத்துல விழுந்தது?"

"அதுக்கு ரெண்டு பேஸ்டி."

உச்சியில் எல்மி கையுறைகூட இல்லாமல் பனியில் ஓடி வந்தாள். ஐலா வண்டி நிற்கும்முன் குதித்தாள். இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு சிறுமிகள் போலக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தை நான் குளிர்காலத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. இத்தனை வருடம் அந்தப் பலகையின் அடியில் தொப்பியைக் கழற்றி நின்றேனே, அவள் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. நான் எப்படிப்பட்ட மனிதன்? இதை நன்றாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் உட்கார்ந்த இடத்தில் ஆர்வோ இருந்தார்.

"வா லியாண்டர்! ஐலா போன்ல சொன்னா, இனிமே எல்லா சனிக்கிழமையும் வருவியாமே! தனியா வாசிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு." என் கையில் ஓர் இரும்பு முக்கோணத்தையும் ஒரு கம்பியையும் திணித்தார். "நான் தலையாட்டும்போதெல்லாம் அடி."

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். 'ம்ம்ம்ம்' என்று அந்தக் கட்டை முனக ஆரம்பித்தது. ஜன்னலில் ஈரமான ஒரு பெரிய மூக்கு வந்து ஒட்டியது. நான் சமையலறைப் பக்கம் திரும்பி, எந்த டயருக்கும் ஒரு முடிவு உண்டு என்ற கடைசி நம்பிக்கையோடு கேட்டேன்.

"ஐலா, இந்த டயரெல்லாம் எவ்வளவு நாள்ல தேயும்?"

"அறுபதாயிரம் மைல்" என்றாள் ரொட்டியை வெட்டியபடி. "நீதானே எழுத்துல கேட்டு வாங்கின?"