மாமியார் கேட்ட பத்துத் தட்டு

“ஒண்ணுதானா, மாப்ள?”

போனில் மாமியார் எல்லம்மாவின் குரல் இப்படி இறங்கியதும் கேசவன் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். ஆரம்பாக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவன் அவன். அன்று காலை பார்சலில் வந்த டிவிடி படத் தட்டு கல்லாப்பெட்டி மேல் இருந்தது. அதன் மேல் தூசி விழக்கூடாது என்று ஒரு கைக்குட்டையையும் போர்த்தி வைத்திருந்தான்.

“ஒண்ணுதான் அத்தை. ஆனா ஒண்ணுக்குள்ளயே பத்துப் படம் கீது. பத்தும் பழைய படம். நீங்க கேட்ட மாதிரியே.”

“உள்ள எத்தினி இருந்தா எனக்கு இன்னா? ஒரு தட்டு எந்த மூலைக்குப் பத்தும்? நான் பத்துத் தட்டு இல்ல கேட்டேன்.”

“தப்புதான் அத்தை. தனித்தனியா பத்து வாங்கிடறேன்.”

“பழசா இருந்தாலே போதும் மாப்ள. ஆனா பளபளன்னு இருக்கணும். மங்கலா இருந்தா பிரயோஜனம் இல்ல.”

பழைய படம், பளிச்சென்ற பிரிண்ட். கேசவன் மனதில் குறித்துக்கொண்டான். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்து நின்றபடியே இருந்தான். மாமியாரிடம் போனில் பேசும்போதுகூட அவனுக்கு உட்கார வராது.

இப்போதைய நிலைமைக்கு உட்காராமல் இருப்பதே நல்லது. மனைவி மோகனப்பிரியா கோபித்துக்கொண்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்ப் பல நாள் ஆகிவிட்டது. காரணம் கேசவனின் வாய். உரக் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது, “அந்த ஜன்னலைத் தொற, கருவாட்டு வீச்சம் தாங்கல” என்று அவர் எதிரிலேயே சொல்லிவிட்டான். அந்தக் கருவாடு அவள் அம்மா தன் கையால் காயவைத்துக் கொடுத்தது.

“நாள் முழுக்க யூரியா மூட்டை மேல உக்காந்துக்கினு வர்ற ஆளுக்கு மூக்குன்னு ஒண்ணு கீதா?” என்று கேட்டுவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். உரக் கம்பெனி ஆள் பாதிச் சோற்றில் எழுந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கேசவன் சமைத்துப் பார்த்தான். அதைச் சாப்பிட்டும் பார்த்தான். அப்போதுதான் மனைவியின் அருமை முழுசாகத் தெரிந்தது. சாப்பாட்டை விடுங்கள், வீட்டில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் அவனுக்கு அழுகையே வந்தது. அவள் போனை எடுக்கவில்லை. மாமியார்தான் எடுத்தாள்.

“அவள அனுப்பறத அப்புறம் பேசலாம். மொதல்ல எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. படம் பாக்கறதுக்கு வட்டமா ஒரு தட்டு வரும்ல, அது பழசா ஒரு பத்து வேணும். இங்க எல்லாரும் செல்லுலயே படம் பாத்துக்கினு தட்ட எல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்க. ஆன்லைன்ல கெடைக்குமாமே?”

எதற்கு என்று கேசவன் கேட்கவில்லை. படத் தட்டு கேட்கிறவர்களிடம் யாராவது எதற்கு என்று கேட்பார்களா? தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால்கூட “எதுக்கு மாப்ள?” என்று ஒதுக்கி வைக்கும் மாமியார், முதல் தடவையாக வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள். தட்டு போனால் மோகனா வருவாள். கணக்கு அவனுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

இந்தத் தடவை பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான். அம்மன் படம் மூன்று, குடும்பப் படம் நாலு, அழுகைப் படம் மூன்று. அடிதடிப் படம் ஒன்றுகூட இல்லை. மாமியாருக்கு அந்த எண்ணமெல்லாம் வரவே கூடாது.

பார்சல் வந்த அன்று பக்கத்துக் கடை கவியரசன்தான் கத்தரிக்கோல் கொடுத்தான். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ரேடியோ செட் கட்டுகிறவன். படம், பாட்டு என்று எதைத் தொட்டாலும் அவனிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

“கேசவா, பத்தும் தெலுங்குடா.”

“படத்துல இருந்த மூஞ்சி எல்லாம் நம்ம மூஞ்சிதானே?”

“மூஞ்சி நம்மளுது. வாய் அவங்களுது.”

திருப்பி அனுப்பினால் மாற்றி வர இன்னும் எத்தனை நாளோ. அத்தனை நாள் சொந்தச் சமையலில் உயிரோடு இருப்போமா என்று கேசவனுக்குச் சந்தேகமாக இருந்தது. குப்பத்துக்குப் போன் போட்டான்.

“அத்தை, ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சி. பத்துத் தட்டும் வந்துடுச்சி. ஆனா எல்லாம் தெலுங்கு.”

“அதனால இன்னா? தெலுங்குத் தட்டு பளபளங்காதா?”

“பளபளன்னுதான் கீது அத்தை.”

“அப்ப எடுத்தாங்க. எந்த பாஷையா இருந்தா இன்னா மாப்ள, வேல நடந்தா சரி.”

கேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா? இதுக்குப் பேருதான் ரசனை. பாஷையே பாக்கல” என்றான் கவியரசனிடம்.

கவியரசனும் மெச்சினான். அப்புறம் தலையைச் சொறிந்தான். “அதெல்லாம் சரி. உங்க அத்தை வூட்ல பிளேயர் கீதா?”

கேசவன் உட்கார்ந்துவிட்டான். பிளேயர் இல்லாமல் தட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதா? மாவு இல்லாமல் தோசைக்கல் கொடுத்த கதையாகிவிடும். போன் போட்டுக் கேட்கலாம்தான். ஆனால் கேட்காமலே கொண்டுபோய் இறக்கினால்தானே மாப்பிள்ளைக்குப் பெருமை.

ஊரெல்லாம் அலைந்தும் யாரிடமும் பிளேயர் இல்லை. கடைசியில் கவியரசன் கடைப் பரணிலேயே ஒன்று கிடைத்தது. உள்ளே பல்லி முட்டை இருந்தது. துடைத்து மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது, தட்டு வைக்கும் தட்டம் மட்டும் வெளியே வரவில்லை. கவியரசன் வலது பக்கமாக ஒரு அறை விட்டான். நாக்கை நீட்டியது.

“வலது பக்கம் அறையணும். எடது பக்கம் அறைஞ்சா கோச்சிக்கும்” என்றான்.

அதன் ஒயருக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை. மாமியார் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மெல்லிசு டிவியில் அதைச் சொருக இடமே கிடையாது. அதனால் முதுகு பெருத்த பழைய டிவி ஒன்றும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது. டிவி ஆட்டோவுக்குள் நுழையவில்லை, அதனால் குட்டியானை வண்டி பேசினார்கள். வண்டிதான் பெரிசாக வருகிறதே என்று கவியரசன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போயிருக்க வேண்டிய சாமானுக்குக் கல்யாண வீட்டுச் சீர் மாதிரி ஒரு வண்டி பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டியது.

குப்பத்தில் எல்லம்மா வாசல் மணலில் நெத்திலியைப் பரப்பிவிட்டு நடுவில் நின்றிருந்தாள். கையில் நீளமாக ஒரு மூங்கில் கழி. அது தனக்காகத்தான் என்று நினைத்த கேசவன், “வண்டிய ஆஃப் பண்ணாத” என்று டிரைவரிடம் சொன்னான்.

ஆனால் அவள் கழியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“வாங்க மாப்ள. இன்னா இது, குடித்தனமே வந்து எறங்குது?”

“தட்டுக்குத்தான் அத்தை.”

எல்லம்மா டிவியைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிளேயரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்த கவியரசனைப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற மோகனப்பிரியா துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். அழுகிறாளோ என்று கேசவனுக்கு மனசு பதறியது.

“இப்பவே படம் போட்டுடலாமா அத்தை?”

“இப்பவா?” எல்லம்மா நெத்திலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். “சரி, இம்மாந்தூரம் ஆசையா தூக்கினு வந்துக்கீறீங்க. போடுங்க. பிரின்சி, நீயும் வாடி. எங்க மாப்ள படம் போடறாரு.”

பக்கத்து வீட்டு பிரின்சி எட்டிப் பார்த்தாள். “கருவாடு காயுதே அக்கா?”

எல்லம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிரின்சி வந்து உட்கார்ந்தாள். இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள்.

படம் ஓடியது. கோயில் படியில் நின்று ஒரு தாய் மகனை நினைத்துத் தெலுங்கில் அழுதாள். தட்டு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டதால் மறுபடியும் அழுதாள். கவியரசன் வலது பக்கம் அறைந்த பிறகும் இன்னொரு தடவை அழுதுவிட்டுத்தான் நகர்ந்தாள். குறைந்த வோல்டேஜில் அவள் முகம் பாதியாகச் சுருங்கி, பிறகு விரிந்தது.

எல்லம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை எழுந்தே போய்க் கழியை எடுத்துவிட்டாள். கேசவன் ஓடிப்போய் மரியாதையாக அதை வாங்கி மூலையில் சாத்தினான்.

“நீங்க ஒரு வேலையும் பாக்கக் கூடாது அத்தை. இன்னைக்கு உக்காந்து பாருங்க.”

“இல்ல மாப்ள, வெளிய…”

“வெளியில இன்னா இருந்தா இன்னா? நான் இருக்கேன்ல.”

வெளியே காக்காய்ச் சத்தம் காதைப் பிளந்தது. வசனம் கேட்காமல் போகிறதே என்று கேசவன் ஸ்பீக்கரைக் கூட்டினான். பிரின்சி மெல்ல நழுவி வெளியே போய்விட்டாள். இடைவேளை நெருங்கும்போது எல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேசவன் கவியரசனை முழங்கையால் இடித்துக் காட்டினான். கவியரசனும் தலையாட்டினான்.

ஒரு வழியாகப் படம் முடிந்தது. ஆனால் தட்டம் வெளியே வரவில்லை. அவசரத்தில் கேசவனே ஒரு அறை விட்டான், இடது பக்கம். கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு பிளேயர் தட்டைத் துப்பியது. குறுக்கே நீளமாக ஒரு கீறல்.

“அத்தை, கீறல் வுழுந்துடுச்சி. மன்னிச்சிக்கங்க. வேற வாங்கியாறேன்.”

“கீறல் வுழுந்தா வுழட்டும் மாப்ள. ஒடையலதானே?”

இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று அவன் நெகிழ்ந்து போனான். அந்த நெகிழ்ச்சியில், “இன்னும் ஒம்போது கீது. அடுத்ததப் போடட்டுமா?” என்று கேட்டான்.

பெண்கள் எல்லாரும் எல்லம்மாவைப் பார்த்தார்கள். எல்லம்மா மகளைப் பார்த்தாள். கதவோரம் நின்ற மோகனப்பிரியா, அன்று முதல் தடவையாக அவனிடம் வாய் திறந்தாள்.

“போதுங்க. நாளைக்குக் காலைல நான் உங்ககூட கிளம்பி வரேன். அடுத்ததப் போடாதீங்க.”

கேசவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. “கருவாட்டப் பத்தி நான் பேசினது தப்பு மோகனா. நீ இல்லாம வூடு வூடாவே இல்ல.”

“தெரியுது. இல்லன்னா இத்தினியும் தூக்கினு வருவீங்களா?” என்றாள் அவள். உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

படம் ஜெயித்துவிட்டது. கேசவன் பத்துத் தட்டையும் தன் புதுச் சட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்தான். அடுக்கி, சீர் வைப்பது போல இரண்டு கையாலும் மாமியாரிடம் நீட்டினான்.

“தினம் ஒண்ணு போட்டுப் பாருங்க அத்தை. பிளேயரும் டிவியும் இங்கியே இருக்கட்டும்.”

கவியரசன் திடுக்கிட்டு வாயைத் திறப்பதற்குள், நைலான் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரின்சி வாசலில் வந்து நின்றாள்.

“எல்லம்மாக்கா, மாப்ள ஆச தீரப் படம் பாத்துட்டாரா? பாத்துட்டாருன்னா அந்தத் தட்டக் குடு, கயித்துல கோத்துக் கருவாட்டு மேல கட்டிடலாம். அவருக்காக நீ உள்ள உக்காந்திருந்த நேரத்துல காக்கா உன் நெத்திலில பாதியத் துன்னுட்டுப் போயிடுச்சி.”