இரண்டு தட்டு

வெள்ளவத்தையில் டொக்டொக் அண்ணையோடு சேர்ந்து நடந்து, வெட்கப்படாமல் வீடு வந்து சேர்ந்த மனுசன் ஒருத்தனும் கிடையாது. நான் அவரோடு ஒரே அறையில் போர்டிங் இருந்தவன். நான் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்.

ஆள் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். எந்தச் சாமானையும் சும்மா வைக்கமாட்டார். வைத்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டி, இடத்தின் பெயரையும் உரக்கச் சொல்வார். திறப்புக் கோர்வை, சன்னல், டொக் டொக். மூக்குக்கண்ணாடி, மேசை, டொக் டொக். கண் மட்டும் பார்த்தால் மறந்துபோகுமாம். காதும் அதே மூலையைக் கேட்டால்தான் மண்டையில் நிற்குமாம்.

வீட்டுக்குள் என்றால் பரவாயில்லை. ஒருநாள் காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, சட்டைப் பையில் வைத்து, நெஞ்சில் இரண்டு அறை அறைந்து, "ஐசி, இடது!" என்றார். ஆமிக்காரன் திடுக்கிட்டுத் துவக்கைத் தூக்கிவிட்டான். வரிசையில் எங்களுக்குப் பின்னால் என்னோடு கந்தோரில் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர். எனக்கு மானம் போய்விட்டது. இந்த ஆளை யாரென்றே தெரியாது என்கிற மாதிரிக் கடல் பக்கம் திரும்பி நின்றேன். சனியன், அவரே வந்து என் தோளில் தட்டி, கடலில் ஏதும் தெரியுதோ என்று கேட்டார். அதுவும் இரண்டு தட்டு.

அந்தக் கிழமையே ஒரு நாள் இரவு, கரண்ட் நின்றிருந்த நேரம், எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனை. அட்டை இல்லாதவனை ஜீப்பில் ஏற்றினால் எப்போது விடுவார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாத காலம். என் அட்டையைக் காணவில்லை. ஹோலில் டீவிக்கு மேல் வைத்தது எனக்கு நல்ல ஞாபகம். இருட்டில் டீவியைத் தடவு தடவென்று தடவினேன். ஒன்றுமில்லை. படியில் சப்பாத்துச் சத்தம் ஏறி வந்தது.

"நீர் டீவியில வைக்கேல்லைத் தம்பி," என்றார் டொக்டொக் அண்ணை இருட்டுக்குள்ளிருந்து. "நீர் உள்ளுக்கு வரேக்க கரண்ட் இருந்தது, டீவியில கிரிக்கெட் மச் போய்க்கொண்டிருந்தது. சத்தம் வந்த பக்கம் பாத்துக்கொண்டு, கையில இருந்ததை இங்கால வைச்சனீர். டீவிச் சத்தம் உம்மட ஞாபகத்தை அங்கால இழுத்துப்போட்டுது. எனக்குத் தகரம் கேட்டது."

அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கற் தகரத்தில் டொக் டொக் என்று கேட்டது. அட்டை என் கைக்கு வரவும், ரோர்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கவும் சரியாக இருந்தது.

ஆமிக்காரர் போன பிறகு அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. சாவடியில் அவரை யாரோ என்று கைகழுவி நின்ற ஆள் நான். என் சாமானையும் ஏன் கேட்டு வைக்கிறியள் என்று மெல்லக் கேட்டேன்.

"நீர்தான் தட்டமாட்டீரே. ஆராவது கேட்டு வைக்க வேணுமெல்லோ," என்றார்.

இப்போது கொட்டாஞ்சேனைச் சந்தியில் நானும் நெஞ்சில் அறைந்து "பேர்ஸ், இடது" என்று சொல்கிறேன். என் மனுசி வெட்கப்பட்டு வீதியின் மற்றப் பக்கத்தால் நடக்கிறா. அவவில் பிழையில்லை. எனக்காகக் கேட்டு வைத்த மனுசன் போய்விட்டார், நான்தான் தட்ட வேண்டும்.