டிபன் சாப்பாடு ஆகாது

“அப்ப நாங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர்றோங்க” என்று விவசாயக் கூலிகள் சங்கத் தலைவர் ஐயாவு சிவப்புத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். எதிரே மிராசுதார் நடராசனும் எழுந்தார். சாப்பிடப் போகிற இருவரும் அன்றைக்குத் திரும்பப்போவதில்லை என்பது மன்னார்குடி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பஞ்சநதத்துக்குத் தெரியும்.

குறுவை நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. கூலி முடிவாகாமல் வயலில் அரிவாள் இறங்காது. தாசில்தாரோ, “மழைக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கலேன்னா, உமக்கு ராமநாதபுரம்தான்” என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெறப்போகிற வயதில் மாறுதல் என்றதும் பஞ்சநதத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸிலேயே இலை போட்டுச் சாப்பாடு வரவழைத்தார்.

“பேச்சு முடியாம ஒரே பந்தியில கை நனைச்சா, சம்மதிச்சதா ஆயிடுமே” என்றார் ஐயாவு.

“அதேதான் நானும் சொல்றேன்” என்றார் நடராசன். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

“இது சாப்பாடே இல்லீங்க, டிபன்!” என்று அடுத்த நாள் இட்லியை வைத்தார் பஞ்சநதம். வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்தச் சொல்லுக்குள் எதையும் அடைத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“இட்லின்னா அரிசியில்ல? அரிசி உள்ள போனா சாப்பாடுதாங்க” என்றார் ஐயாவு.

ஆக, ரவா உப்புமா. கையே நனையாதபடி ஸ்பூனும் போட்டுக் கொடுத்தார். இருவரும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“டிபன்தானே ஆச்சு? சாப்பிட வேணாமா?” என்றார் நடராசன்.

இனி இவர்களுக்கு வீட்டு நினைப்பே வரக்கூடாது என்று, உப்புமாவோடு கேசரி, வடை, காபி என்று கூட்டிக்கொண்டே போனார் பஞ்சநதம். உண்ட மயக்கத்தில் இருவரும் எதிரெதிர் பெஞ்சில் தூங்கிப்போனார்கள். தினமும் இதே கதை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பஞ்சநதம் அலுத்துப்போய், தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டும்படி மனைவி மங்களாம்பிகையிடம் சொல்லிவிட்டார்.

அன்று புருஷனைத் தேடிக்கொண்டு ஐயாவுவின் மனைவி ராமாயி வந்தாள்.

“நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா” என்றார் பஞ்சநதம். “ரெண்டு பேரும் இப்படிப் பிடிவாதமா இருந்தா நெல்லெல்லாம் மழையில போயிடாதா?”

குறட்டை விடுகிற இருவரையும் பார்த்துவிட்டு ராமாயி குரலைத் தாழ்த்தினாள்.

“நெல்லு அறுத்துக் களத்துக்கு வந்தாச்சுங்களே! முதல் உப்புமா அன்னைக்கே போற வழியில ரெண்டு பேரும் கூலியைப் பேசி முடிச்சுட்டாங்க. வெளியில சொன்னா நீங்க டிபனை நிறுத்திடுவீங்களாம்.”