கொட்டகைக்குப் போர்வை

எதையும் கட்டத் தெரியாத மனிதன், முதலில் எதையாவது இடிப்பது என்று தீர்மானிப்பான். 2008-ஆம் வருஷம் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முதல் தோசைக்கும் இரண்டாவது தோசைக்கும் நடுவே, ஜம்புநாதன் தன்னுடைய கொட்டகையை இடிப்பது என்று தீர்மானித்தார்.

கொட்டகை இருந்தது டெக்சாஸில், அவர்கள் குடியிருந்த ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே. முக்கால் மணி நேரம் காரோட்டினால், வீடுகள் தீர்ந்து, கடைகள் தீர்ந்து, செல்போன் சிக்னலும் தீர்ந்துபோகிற இடம். அங்கே ஆறு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். நிலத்தில் புல் விளைந்தது. புல்லைப் பக்கத்துப் பண்ணை மாடுகள் வேலி வழியாகக் கழுத்தை நீட்டி மேய்ந்தன. நடுவில், ரோட்டைப் பார்த்தபடி, சிவப்பு பெயிண்ட் உதிர்ந்த பழைய மரக்கொட்டகை. அந்த ஊர்க்காரர்கள் பார்ன் என்பார்கள். ஜம்புநாதன் இந்த மொத்த வைபவத்தையும் 'ராஞ்ச்' என்றார். ராஞ்சுக்காக ஒரு கௌபாய் தொப்பியும் வாங்கினார். தொப்பி தலைக்குப் பெரிது. காற்றடித்தால் தொப்பி போய்விடும். காற்றடிக்காவிட்டால் ஜம்புநாதன் தொப்பிக்குள் போய்விடுவார்.

நிலம் வாங்கக் காரணம், ஆபீஸ் சிநேகிதர் சுவாமிநாதன் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் வெட்டியது. சுவாமிநாதன் கிணறு வெட்டியிருந்தால் ஜம்புநாதன் ஏரி வாங்கியிருப்பார். இப்போது கொட்டகையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் கிரிக்கெட் பிட்ச் போட்டு, பெவிலியன் கட்டி, தமிழ்ச் சங்கத்தின் கோடைப் போட்டியை அங்கேயே நடத்தி, கோப்பையைத் தன் கையால் கொடுப்பது என்று திட்டம். கோப்பையை வாங்கிக்கொள்பவர் சுவாமிநாதனாக இருந்தால் உத்தமம்.

இதில் ஒரே இடைஞ்சல், அந்தக் கொட்டகைக்குள் ஷ்யாமளா இருந்தாள்.

சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்து பன்னிரண்டு பேரை மேய்த்தவள் ஷ்யாமளா. அமெரிக்காவில் கணவனைச் சார்ந்த விசா. வேலை பார்க்கக்கூடாது. ஆக, பன்னிரண்டு பேரை மேய்த்தவளுக்கு ஜம்புநாதன் ஒருத்தர்தான் மிச்சம். திறமைக்குத் தீனி போதவில்லை. போன வருஷம் நிலத்தைப் பார்க்கப் போனபோது பக்கத்துப் பண்ணை வில்லா மே என்கிற எழுபது வயது அம்மாள் சிநேகமானாள். துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைக்கிற குவில்ட் என்ற ஒட்டுப்போர்வையில் அவள் புலி. ஷ்யாமளா ஒரு பழைய தையல் மிஷினைக் கொட்டகையில் போட்டாள். வாரக் கடைசிகளில் அங்கே போய்விடுவாள். அமெரிக்காவிலேயே அந்தக் கொட்டகையில்தான் அவளை யாரும் 'ஜம்பு ஒய்ஃப்' என்று கூப்பிடுவதில்லை.

"அடுத்த சனிக்கிழமை புல்டோசர் வருது," என்றார் ஜம்புநாதன். "மத்தியானத்துக்குள்ள தரைமட்டம்."

"எது?"

"பார்ன்."

ஷ்யாமளா தோசையைத் திருப்பினாள். "வில்லா மே நம்ம பார்ன்ல போர்டு மாட்டலாமான்னு கேட்டாங்க."

"என்ன போர்டு?"

"குவில்ட் போர்டு. எட்டடிக்கு எட்டடி பலகை. அதுல ஒரு போர்வை டிசைனைப் பெயிண்ட் பண்ணி பார்ன் நெத்தியில மாட்டணும். கவுண்டில பாதி பார்ன்ல மாட்டியாச்சு. ஞாயித்துக்கிழமையானா ஜனங்க ஒவ்வொண்ணா கார்ல பார்த்துக்கிட்டே போறாங்க. நம்மளது ரோட்டு மேலயே இருக்கா, எடுப்பா இருக்கும்னாங்க."

ஜம்புநாதன் சிரித்தார். மற்றவர்களுக்கு மூளை இல்லை என்று தெரிந்தால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சிரிப்பார்.

"போர்வைன்னா என்ன ஷ்யாமளா? போத்திக்கறது. நம்ம ஊர்ல சுவத்துல வரட்டி தட்டுவாங்க. அதுலயாவது அடுப்பெரியும். இவங்க சுவத்துல போர்வை தட்டறாங்க. அதைப் பார்க்க நாலு பேர் பெட்ரோல் போட்டுக்கிட்டு வேற வரான். பார்னுக்கு என்ன, குளிருதாமா? நாளைக்கு டிராக்டருக்கு மஃப்ளர் கட்டுவாங்களா?"

"பார்க்க நல்லாத்தாங்க இருக்கு."

"மூளை இருக்கறவன் எவனாவது பலகையில கட்டம் போட்டு வெளில மாட்டுவானா?"

"சரி. வேண்டாம்," என்றாள் ஷ்யாமளா.

கொஞ்சம் விவரம் தெரிந்த கணவனாக இருந்தால் இந்த இடத்தில் எழுந்து ஓடியிருப்பான். ஷ்யாமளா 'சரி' என்றால் விவாதம் முடிந்தது என்று அர்த்தமில்லை. ஜம்புநாதனின் பங்கு முடிந்தது என்று அர்த்தம்.

இரண்டாவது தோசை தட்டில் விழுந்தது.

"சனிக்கிழமையா இடிக்கறீங்க?"

"ஏன்?"

"ஒண்ணுமில்லை. ஏழரை நடக்குதேன்னு கேட்டேன்."

ஜம்புநாதனின் கை சட்னிக்குப் போகும் வழியில் நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்கர்களின் மூடநம்பிக்கைகளைப் பற்றி ஜம்புநாதன் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் அரை மணி நேரம் பேசக்கூடியவர். பேசும்போது அவர் பர்ஸில் சனீஸ்வரன் படம் இருக்கும். பச்சை அட்டைக்கு விண்ணப்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாதாமாதம் வருகிற விசா புல்லட்டினில் அவருடைய தேதி ஒரு அடி முன்னால் வைக்கும், இரண்டு அடி பின்னால் போகும். சனி பகவானே நேரில் வந்து தன் ஃபைலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருடைய முடிவு. மாம்பலத்து ஜோசியர் கிட்டுசாமிக்கு வாராவாரம் காலிங் கார்டில் போன் போகும்.

"கிட்டுசாமி மாமா தை மாசமே சொன்னாரே," என்றாள் ஷ்யாமளா. "ஒம்பது கிரகத்தையும் வெச்சுக் கும்பிடு, சனி விலகும்னு. நீங்கதான் செய்யலை."

"வீட்டுக்குள்ள நவக்கிரகம் வைக்கக்கூடாது. சாஸ்திரம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். வீட்டுல கூடாது. வெளில நமக்கு இருக்கறது அந்த பார்ன் ஒண்ணு. அதையும் இடிக்கப்போறோம். விடுங்க. இன்னொரு தோசை?"

அவர் தோசை வேண்டாம் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மூன்றாவது தோசையை மறுத்தது அதுதான் முதல் தடவை.

டெக்சாஸ் வெயிலில் ஏசியை மார்கழி மாதத்துக்கு இறக்கிவைத்து, தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குவதுதான் ஜம்புநாதன் கண்ட அமெரிக்கக் கனவு. மறுநாள் காலை அந்தக் கனவிலிருந்து எழுந்தவர் நேராகச் சமையலறைக்கு வந்தார். முகத்தில் ஒரு தெய்வீகக் களை. பல் தேய்க்கவில்லை.

"தெரிஞ்சுது," என்றார்.

"என்ன தெரிஞ்சுது?"

"கண்ணைத் தொறக்கறேன். கண்ணுக்கு நேரா ஒம்பது கட்டம். நடுவுல செக்கச்செவேல்னு சூரியன். மேல மஞ்சளா குரு. இடது பக்கம் கறுப்பா சனி. மேல் மூலையில என்னென்னமோ கலர் கலந்து, அது கேது. எனக்கு நவக்கிரக வரிசையே தெரியாது ஷ்யாமளா. இது எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"இல்லை."

"அப்ப சாமிதான்."

"விக்ரகமே வேண்டாம். கட்டம் போதும்னு காட்டியிருக்கான். பலகையில வரைஞ்சு பார்ன்ல பிரதிஷ்டை பண்ணப்போறேன்."

ஷ்யாமளாவின் முகம் கவலையில் சுருங்கியது. அவ்வளவு நல்ல கவலையை மேடையில்கூடப் பார்க்க முடியாது.

"எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? ஆசையா இருந்தா ரெண்டடியில சின்னதா போடுங்க."

"கிரகம் ரெண்டடியா இருக்கும்? எட்டடி."

"எட்டடின்னா உள்பக்கமா மாட்டிடுங்க. ரோட்டுல போறவங்க சிரிப்பாங்க."

"கிழக்கு பார்த்துதான் இருக்கணும். ரோடு கிழக்கால இருந்தா நான் என்ன பண்ண?"

"மழை பெஞ்சா வழிஞ்சுடும்."

"வில்லா மே கிட்ட வெளிச்சுவர் பெயிண்ட் இருக்குமே."

"அவங்களையெல்லாம் போய்க் கேக்காதீங்க."

அன்று சாயங்காலமே போய்க் கேட்டார்.

வில்லா மே அவர் நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஒன்பது கட்டம், ஒன்பதிலும் நிறத்தின் பெயர். பிறகு, கூட வந்திருந்த ஷ்யாமளாவைப் பார்த்தாள். ஷ்யாமளா தரையில் கிடந்த ஒரு ஆணியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க சமயம். ரொம்பப் பழசு," என்று ஜம்புநாதன் ஆங்கிலத்தில் விளக்கினார்.

"எங்ககிட்டயும் ரொம்பப் பழசுதான், தங்கம்," என்றாள் வில்லா மே, டெக்சாஸ் இழுவையில். பலகை, பெயிண்ட், ஏணி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை புல்டோசர் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஜம்புநாதன் ஏணியில் ஏறினார். வெயில் முதுகை வறுத்தது. கொட்டகை நெற்றியில் கூடு கட்டியிருந்த குளவிகளுக்கு நவக்கிரகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒன்று அவருடைய காதில் கொட்டிவிட்டுப் போனது. தொப்பி விழுந்தது. பக்கத்து மாடு அதை முகர்ந்துவிட்டு வேண்டாம் என்று நகர்ந்தது. பலகை ஏறிவிட்டது.

கீழே நின்று பார்த்த பதினோரு வயது மகள் விஷாகா தலையைச் சாய்த்தாள். "அப்பா, இட் லுக்ஸ் ஜஸ்ட் லைக் தி..."

"விஷாகா, அப்பாவுக்குத் தண்ணி எடுத்துட்டு வா," என்றாள் ஷ்யாமளா.

எள் தீபம் ஏற்றினார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஜம்புநாதன் தெரிந்த சுலோகத்தை முழுசாகவும் தெரியாததை வேகமாகவும் சொல்லி முடித்தார்.

"ஹவ் லாங் டஸ் இட் ஸ்டே?" என்று கேட்டாள் விஷாகா.

"பிரதிஷ்டை பண்ணினா பண்ணினதுதான் கண்ணு. எடுக்கவே கூடாது. அது இருக்கற இடத்துல கடப்பாரை படக்கூடாது. எடுத்தா ஏழு தலைமுறைக்குத் தோஷம்."

"இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்க," என்றாள் ஷ்யாமளா. "குழந்தை மனசுல பதியட்டும்."

அவர் இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னார்.

ஜூன் மாத புல்லட்டினில் தேதி சில மாதங்கள் முன்னால் நகர்ந்தது. அந்த ஜில்லாவில் அன்று ஜம்புநாதனைவிட கர்வமான ஆள் கிடையாது. கிரிக்கெட் பிட்ச்சைச் சனி பகவானுக்கு விட்டுக்கொடுத்ததாக ஆபீஸில் சொல்லிக்கொண்டார். பலகையின் எதிரே நின்று கும்பிட்டுவிட்டு வரலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தார். ஷ்யாமளாவும் விஷாகாவும் காலையிலேயே போய்விட்டிருந்தார்கள்.

ரோட்டோரமாகக் கார்கள் நின்றன. ஒரு சர்ச் பஸ் நின்றது. வயதான பெண்மணிகள் நவக்கிரகத்தின் கீழ் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சனீஸ்வரனைக் காட்டி, கறுப்பு எவ்வளவு தைரியமான தேர்வு என்று வியந்துகொண்டிருந்தாள். எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்த வில்லா மே, ஓடி வந்து ஜம்புநாதனைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: குவில்ட்டிலேயே ஆதி டிசைன் இது, நயன் பேட்ச் என்கிற ஒன்பது ஒட்டு, தையல் பழகுகிற பிள்ளைகள் முதலில் போடுவது, இந்தக் கவுண்டியில் பெண்டாட்டி ஆசைப்பட்டாள் என்று தன் கையாலேயே வரைந்து ஏணியேறி மாட்டிய புருஷன் இவர் ஒருத்தர்தான்.

கைதட்டினார்கள். தட்டிய கைகளில் இரண்டு சுவாமிநாதனுடையவை.

"ஷ்யாமளா போன் பண்ணிக் கூப்பிட்டாங்க ஜம்பு," என்றார் சுவாமிநாதன். பக்கத்தில் அவர் மனைவி ஜலஜா. "பார்னுக்குக் குளிருதாமான்னு ஆபீஸ்ல சிரிச்சியே. இப்ப நீயே போத்திவிட்டுட்டியே."

"இது போர்வை இல்லை. நவக்கிரகம்."

"அப்படியா. சுக்கிரன் மேல ஒரு அம்மா சாய்ஞ்சுக்கிட்டு நிக்கறாங்களேன்னு பார்த்தேன்."

"சுக்கிரன் பத்தடி உயரத்துல இருக்கான்."

"போட்டோல பார்த்தா சாய்ஞ்ச மாதிரிதான் இருக்கு."

ஜம்புநாதன் கொட்டகைக்குள் பாய்ந்தார். உள்ளே ஏழெட்டு தையல் மிஷின். நீள மேஜை. இரண்டு பெரிய மின்விசிறி. ஊர்ப் பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஷ்யாமளா, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, இவளுக்கு இந்தத் துணி, அவளுக்கு அந்தத் துணி என்று பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பேர் இருக்கலாம். பழைய வங்கிக் கிளையின் மிடுக்கு முகத்தில் வந்திருந்தது. அவளை அப்படிப் பார்த்து வெகு காலமாகிறது என்று ஜம்புநாதனுக்கு ஒரு கணம் தோன்றியது. கோபம் முக்கியமாக இருந்ததால், அவர் அந்த எண்ணத்தை உட்கார வைக்கவில்லை.

"நாளைக்கே புல்டோசரைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க," என்றாள் ஷ்யாமளா, கத்தரியை நிறுத்தாமல். "முதல்ல அந்தப் பலகையைக் கழட்டணும். நீங்க கழட்டறீங்களா, அவனைக் கழட்டச் சொல்றீங்களா?"

ஜம்புநாதன் பர்ஸில் இருந்த சனீஸ்வரனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"விஷாகா, அப்பா என்ன சொன்னாங்க?"

மூலையில் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த விஷாகா நிமிரவில்லை. "நெவர் ரிமூவ். நோ கடப்பாரை. செவன் ஜெனரேஷன்ஸ்."

ஜம்புநாதன் தலைவலி என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். விழா முடிந்து ஷ்யாமளா வீட்டுக்கு வந்தபோது, ஏசியை மார்கழிக்கு இறக்கி, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு காரியத்தை மறந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

மூக்குக்கு நேரே ஒன்பது கட்டம். நடுவில் செக்கச்செவேல். மேலே மஞ்சள். இடது பக்கம் கறுப்பு. மேல் மூலையில், மிச்சம் மீதித் துண்டெல்லாம் சேர்த்துத் தைத்த கேது. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் சின்னச் சின்னதாகத் தையல்.

அவர் மெதுவாகத் தலையை வெளியே நீட்டினார்.

"ஷ்யாமளா, இதை எப்பத் தைச்சே?"

"தை மாசம். கிட்டுசாமி மாமா சொன்ன அன்னிக்கே ஆரம்பிச்சேன்," என்றாள். அலமாரியைத் திறந்து, நட்சத்திரம் போட்ட புதுப் போர்வை ஒன்றை எடுத்து உதறினாள். "அதைக் கொடுத்துட்டு இதைப் போத்திக்கிட்டுத் தூங்குங்க. எழுந்ததும் என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. ஜலஜா அவங்க வீட்டு கராஜுக்கு ஒண்ணு கேட்டிருக்காங்க."